காற்றில்லாத குழாய்க்குள் ஒரு குடித்தனம்

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால், காற்றுப் புகாத களிமண்ணில் புதைத்த குழாய் ஏன் ஓட்டை விழுகிறது? 1934இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இதற்கு ஒரு பாக்டீரியாவைக் கைகாட்டினார்கள்: சல்பேட்டைச் சுவாசிக்கும் வகை.

இந்த அரிப்பை ஆராய நம்மூரிலேயே ஓர் இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்டது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊரார் வாயில் 'சிக்ரி'. எண்ணெய்க் குழாய்களை அரிக்கும் நுண்ணுயிர்களும் அங்கே ஆராயப்படுகின்றன.

நாம் ஆக்சிஜனைக் கொண்டு செய்யும் சுவாசத்தை அந்தச் சல்பேட் பாக்டீரியாக்கள் கடல்நீரிலும் மண்ணிலும் உள்ள சல்பேட்டைக் கொண்டு செய்கின்றன. வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கருப்புப் படிவு. சோதனையும் எளிது: சல்பேட் கலந்த ஊட்டத் திரவத்தில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு மூடிய குப்பிக்குள், குழாய்நீரைச் சிரிஞ்சால் செலுத்துவார்கள். சில நாளில் குப்பி கன்னங்கரேலென்று ஆனால், ஆள் உள்ளே இருக்கிறான்!

ஆக்சிஜன் பட்டாலே ஒடுங்கிவிடும் இவை ஓடும் நீரில் எப்படிப் பிழைக்கின்றன? தனியாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம். குழாய்ச் சுவரில் பல இனங்கள் கூடி வழவழப்பான படலம் கட்டுகின்றன. செட்டிநாட்டு வீட்டில் முகப்போடு திரும்பிவிடும் விருந்தாளி மாதிரி, ஆக்சிஜனை மேலடுக்கில் உள்ளவை தின்று தீர்த்துவிடும்; இரண்டாங்கட்டு வரை அது போகாது. கிருமிக்கொல்லியும் அங்கே எளிதில் எட்டாது. அதனால் மருந்து ஊற்றினால் மட்டும் போதாது, குழாயைச் சுரண்டவும் வேண்டும். அரிப்பு உயிரையும் குடிக்கும்: 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எரிவாயுக் குழாய் வெடித்து 12 பேர் இறந்தார்கள். உள்ளரிப்பே காரணம் என்ற விசாரணை, நுண்ணுயிர்களையும் சுட்டியது.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பாசிப்படலமும் இதே ரகம். குளோரின் நீரைச் சுத்தமாக்கினாலும் படலத்துக்குள் நோய்க்கிருமிகள் பதுங்கிக்கொள்ளும். தேய்த்துக் கழுவுவதற்கு மாற்று இல்லை.

சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களை வில்லனாக மட்டும் பார்ப்பது சரியல்ல. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளின் சேற்றில், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குப் போகவேண்டிய ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் இவை முந்திக்கொண்டு எடுத்துவிடுகின்றன. கடல்நீரின் சல்பேட்தான் இவற்றின் பலம். சல்பேட் குறைந்த நன்னீர் வயலிலோ மீத்தேன்காரர்களின் கை ஓங்கிவிடும். நெல்வயலில் அம்மோனியம் சல்பேட் இட்டால் மீத்தேன் குறையும் என்பதும் இதனால்தான். அளவு மீறினால் வேறு தொல்லை: சல்பைடு மிகுந்து நெல்லின் வேர் கறுத்து அழுகும்.