ஜோராசாங்கோவில் பிறந்த தச்சர்: ரதீந்திரநாத் தாகூரின் மரமும் தோலும்

ஒரு பலகையின் முகத்தில் குறித்த வடிவத்துக்கு ஆழமில்லாத பள்ளம் தோண்டி, அதே வடிவத்தில் அறுத்தெடுத்த வேறு நிற மரத்துண்டை அந்தப் பள்ளத்தில் பசையிட்டுப் பொருத்தி, இரண்டும் ஒரே தளமாகும்வரை இழைத்துத் தேய்க்கும் வேலை மரப் பதிப்பு எனப்படும். ஈட்டி மரப் பலகையில் யானைகளையும் ஊர்வலங்களையும் பதிக்கும் மைசூர்க் கைவினைஞர்களின் வேலையைத் தென்னிந்திய வாசகர் பலரும் பார்த்திருப்பர். அதே தொழில்நுட்பத்தை இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வேறொரு நோக்கோடு, சிறு பெட்டிகளிலும் மேசைகளிலும் கையாண்டவர் கொல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் 1888ஆம் ஆண்டு பிறந்த ரதீந்திரநாத் தாகூர். கவிஞர் இரவீந்திரநாத்தின் மூத்த மகனும், அமெரிக்காவில் வேளாண்மை படித்த அறிவியல் பட்டதாரியும், தந்தை சாந்திநிகேதனில் நிறுவிய விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தருமான அவர், வாழ்நாளில் கிடைத்த ஓய்வுநேரத்தின் பெரும்பகுதியை உளிக்கும் இழைப்புளிக்கும் கொடுத்தார் என்பது பரவலாக அறியப்படாத செய்தி.

மரப் பதிப்பின் அடிப்படையில் தாவரவியல் இருக்கிறது. மரத்தின் அடித்தண்டை வெட்டிப் பார்த்தால் வெளிப்புறத்தில் வெளுத்த நிறத்தில் இருக்கும் பகுதியைத் தச்சர்கள் வெளிறு என்றும், உட்புறத்தில் நிறம் ஏறி இறுகியிருக்கும் பகுதியை வைரம் என்றும் சொல்வர். வெளிறு நீரைக் கடத்தும் உயிருள்ள பகுதி. மரம் முதிரும்போது அதன் உட்பகுதி நீர் கடத்தும் வேலையிலிருந்து ஓய்ந்து, பிசின், துவர்ப்பொருள், நிறமி ஆகியவற்றைத் தன் செல்களுக்குள் சேர்த்துக்கொண்டு வைரமாகிறது. கருங்காலியின் கருமையும், பலாவின் மஞ்சளும், ஈட்டியின் ஊதா கலந்த பழுப்பும் இப்படிச் சேர்ந்த பொருட்களின் நிறங்களே. ஆகவே பல வகை மரங்களை அறிந்த தச்சருக்குச் சாயம் தேவைப்படுவதில்லை. ரதீந்திரநாத் தம் பதிப்பு வேலைகளில் செயற்கை நிறம் ஏற்றுவதைத் தவிர்த்து, மரத்தின் இயல்பான நிறத்தையும் வரியோட்டத்தையும் கொண்டே உருவங்களை அமைத்தார் என்பதற்கு, தாவரங்களைப் பற்றிய அவருடைய முறையான படிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

நிறத்தைவிடக் கடினமான சிக்கல் ஈரம். வெட்டிய மரம் இறந்த பொருளானாலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியும் வெளியிட்டும் ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டே இருக்கிறது. நீளவாக்கில் இந்த அசைவு ஏறக்குறைய இல்லை. ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில், ஓரளவு உண்டு. வளையங்களின் வளைவுப் போக்கிலோ அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கோடையில் காய்ந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே நனைந்திருக்கும் வங்காளத்தில், ஒரு மேசைப் பலகை மழைக்காலத்தில் அகலத்தில் விரிந்து குளிர்காலத்தில் சுருங்குவதைத் தச்சர் முன்கூட்டியே கணக்கில் எடுத்தாக வேண்டும். பதிக்கும் துண்டின் வரியோட்டம் அடிப்பலகையின் வரியோட்டத்துக்குக் குறுக்காக அமைந்துவிட்டால், பலகை விரியும்போது துண்டு விரியாமல் ஓரத்தில் இடைவெளி விழும், அல்லது பலகை சுருங்கும்போது துண்டு எழும்பும். எனவே அனுபவமுள்ள கைவினைஞர் இரண்டின் வரியோட்டத்தையும் கூடியவரை ஒரே திசையில் வைப்பர். வடிவத்துக்காகக் குறுக்கே வைத்தே தீரவேண்டிய இடத்தில் துண்டைச் சிறிதாகவும் மெலிதாகவும் எடுப்பர். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம் என்ற தச்சர் பசைக்கு ஈரத்தில் இளகும் குறை உண்டு. ஆனால் அந்தக் குறையே, பழுதான துண்டை வெந்நீரும் சூடும் கொண்டு நெகிழ்த்தி எடுத்து மறுபடி ஒட்டுவதற்கும் வழிசெய்கிறது.

ரதீந்திரநாத் பிறந்த நகரத்தில் மரச்சாமான் தொழில் அப்போது பெரிதாக வளர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில் லாசரஸ் போன்ற நிறுவனங்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் வங்காள ஜமீந்தார்களுக்கும் விக்டோரியா காலத்துப் பாணியில் கனத்த சாமான்களைச் செய்து தந்தன. கான்டன் பகுதியிலிருந்து குடியேறிய சீனத் தச்சர்களும் நகரத்தின் மரவேலையில் பேர்பெற்றிருந்தனர். செதுக்கு வேலை நிறைந்த உயரமான நாற்காலிகளும், துணியும் பஞ்சும் திணித்த சோபாக்களும், தரையில் பாய்விரித்து அமர்ந்து பழகிய உடலுக்கும், பஞ்சு பூஞ்சணம் பூக்கும் மழைக்காலத்துக்கும் பொருந்தாதவை. இருந்தும் செல்வ வீடுகள் அவற்றால் நிரம்பியிருந்தன. இந்தப் போக்கை முதலில் உதறியது ஜோராசாங்கோவின் பக்கத்து வீடான துவாரகாநாத் தாகூர் சந்து 5ஆம் எண் மாளிகை. அங்கு வாழ்ந்த ஓவியச் சகோதரர்கள் ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் தங்கள் வரவேற்பறையிலிருந்து ஐரோப்பியச் சாமான்களை அகற்றி, தென்னிந்தியத் தச்சர் ஒருவரைக் கொண்டு தாழ்ந்த இருக்கைகளையும் எளிய மேசைகளையும் தங்கள் வரைபடப்படி செய்வித்தனர். சுதேசி உணர்வு துணியிலும் உப்பிலும் வெளிப்பட்டதை வரலாறு விரிவாகப் பேசுகிறது. உட்காரும் பலகையில் வெளிப்பட்டதையும் அதே அளவுக்குப் பேசியிருக்க வேண்டும்.

ரதீந்திரநாத்தின் கல்வி வேறு திசையில் சென்றது. சாந்திநிகேதனில் 1901இல் தந்தை தொடங்கிய பள்ளியின் முதல் மாணவர்களுள் ஒருவராகப் படித்த அவரை, 1906ஆம் ஆண்டு இரவீந்திரநாத் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வேளாண்மை பயில அனுப்பினார். வசதியுள்ள வங்காளக் குடும்பங்கள் மகன்களை வழக்கறிஞராக்கவும் குடிமைப் பணி அதிகாரியாக்கவும் லண்டனுக்கு அனுப்பிய காலம் அது. 1909இல் பட்டம் பெற்றுத் திரும்பிய மகன், பத்மா நதிக்கரையில் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஷிலைதஹாவில், குடும்பத்தின் நிலங்களில் மண்ணைச் சோதிக்கச் சிறு ஆய்வகம் அமைத்து, மக்காச்சோளம் முதலிய விதைகளையும் புதிய கருவிகளையும் கொண்டு சோதனைகள் நடத்தினார். 1910இல் அவர் பிரதிமா தேவியை மணந்தார். ககனேந்திரநாத்துக்கும் அவனீந்திரநாத்துக்கும் சகோதரி மகளான பிரதிமா தேவி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தாகூர் குடும்பத்தில் நடந்த முதல் கைம்பெண் மறுமணம் இதுவே. ஓவியமும் கைவினையும் அறிந்த பிரதிமா தேவி, பின்னாளில் கணவரின் பல முயற்சிகளில் சம பங்காளியானார்.

1912இல் லண்டன் சுரங்க ரயிலில் கீதாஞ்சலியின் கையெழுத்துப் படி இருந்த பையைத் தவறவிட்டு, தொலைந்த பொருள் அலுவலகத்தில் அதை மீட்ட மகன் என்றே ரதீந்திரநாத்தைப் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். தம் கையால் இத்தனை பொருட்களைச் செய்தவரை ஒரு பையைத் தொலைத்ததற்காக மட்டும் நினைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

அவருடைய கைத்தொழில் ஆர்வத்துக்கு முதல் களம் கொல்கத்தாவிலேயே அமைந்தது. 1916ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோராசாங்கோவில் ‘விசித்திரா’ என்ற கலைக்கூடம் இயங்கியது. நந்தலால் போஸ் முதலிய ஓவியர்களும், ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவும் அங்கே பணிபுரிந்தனர். வங்காள நாட்டுப்புறக் கைவினைகளைத் திரட்டும் முயற்சியும் நடந்தது. 1922 டிசம்பரில் கீழைக்கலைக்கான இந்தியச் சங்கம் கொல்கத்தாவில் நடத்திய கண்காட்சியில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கான்டின்ஸ்கி, கிளே முதலியோரின் படைப்புகள் வைக்கப்பட்டன. அலங்காரத்தை விலக்கி, பொருளின் பயனிலிருந்தே அதன் வடிவத்தை வருவிக்க வேண்டும் என்று அந்தப் பள்ளி பின்னர் வற்புறுத்திய கருத்தும், ஜப்பானிய வீடுகளின் தாழ்ந்த, காலியான அறைகளும், வங்காளக் குடிசையின் பாயும் மூங்கிலும் சாந்திநிகேதனின் மரச்சாமான்களில் ஒன்றாகக் கலந்திருப்பதைக் காணமுடிகிறது.

1922 பிப்ரவரியில் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞரின் பொறுப்பில், சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுருல் கிராமத்தில் தொடங்கிய ஊரகச் சீரமைப்பு நிலையமே ஸ்ரீநிகேதன். உழவோடு நெசவு, மண்பாண்டம், தச்சு, தோல்வேலை ஆகியவற்றையும் கிராமத்து இளைஞருக்குக் கற்பிக்க அங்கே தனிப் பிரிவு உருவானது. ஜப்பானியத் தச்சரும் தோட்டக் கலைஞருமான கிந்தாரோ கசாஹரா அங்கு பணியாற்றியதோடு, கவிஞர் தங்குவதற்கு ஆலமரத்தின் மேல் ஒரு வீட்டையும் கட்டிக் கொடுத்தார். விசுவபாரதியின் நிர்வாகச் செயலராக இருந்த ரதீந்திரநாத்துக்குக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் தீராத வேலையாக இருந்தன என்றாலும், சாந்திநிகேதனின் உத்தராயண வளாகத்தில் எழுந்த வீடுகளின் உள்ளமைப்பையும் சாமான்களையும் திட்டமிடுவதில் அவர் முழுமனத்தோடு ஈடுபட்டார். கட்டட வடிவமைப்பு பெரும்பாலும் ஓவியர் சுரேந்திரநாத் கர் பொறுப்பில் இருந்தது. கோனார்க், உதயன், சியாமளி, புனஸ்ச, உதீசி என்று ஒரே வளாகத்துக்குள் வீடு மாறிக்கொண்டே இருந்த கவிஞருக்குச் சாமான்கள் சிற்றறையில் அடங்குபவையாகவும், எழுதவும் படிக்கவும் படுக்கவும் உதவுபவையாகவும் இருக்க வேண்டியிருந்தது. அங்குள்ள மேசையும் கட்டிலும் உயரம் குறைந்து, செதுக்கு வேலை இல்லாமல், மரத்தின் பரப்பையும் விளிம்பையுமே அழகாகக் கொண்டு நிற்பதன் காரணம் இதுவே.

உதயனுக்கு அருகில் ரதீந்திரநாத் தமக்கென அமைத்துக்கொண்ட வேலைக்கூடத்துக்குக் குகாகர், அதாவது குகை வீடு, என்று பெயர். அதற்கு மேல் உள்ள சித்ரபானு பிரதிமா தேவியின் கலைக்கூடம். கணவர் கீழே மரம் அறுக்க, மனைவி மேலே வண்ணம் குழைத்த இந்த ஏற்பாடு, இருவரும் தொழிலில் எவ்வளவு நெருங்கியிருந்தனர் என்பதற்குச் சான்று. எழுதுபொருள் தாங்கிகள், மூடியுள்ள சிறு பேழைகள் போன்ற கைக்கடக்கமான பொருட்களே பதிப்பு வேலைக்கு ஏற்றவை. அகலம் குறைந்த பலகையில் ஈரத்தால் விளையும் அசைவும் குறைவு. மூடியும் உடலும் ஒரே கட்டையிலிருந்து அறுக்கப்பட்டால், மூடியபின் வரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து ஓடும். அறுக்கும் வாளின் தடிப்பு அளவுக்கு மட்டுமே அந்தத் தொடர்ச்சி விட்டுப்போகும் என்பதால், எவ்வளவு மெல்லிய வாளைப் பயன்படுத்துகிறோம் என்பதிலேயே வேலையின் தரம் தெரிந்துவிடும்.

இதே குடும்பத்தில் மரத்தை நேரெதிராக அணுகியவரும் இருந்தார். அவனீந்திரநாத் தம் வாழ்வின் பிற்பகுதியில் தூரிகையைப் பெரும்பாலும் விலக்கிவிட்டு, கீழே கிடக்கும் வேர்த்துண்டு, காய்ந்த கிளை, மரச்சில்லு ஆகியவற்றில் தாமே கண்டுகொண்ட பறவையையும் விலங்கையும் ஓரிரு வெட்டுகளால் மட்டும் வெளிக்கொணர்ந்து பொம்மைகளாக்கினார். அவற்றைக் குட்டும்-காட்டாம் என்று அழைத்தார். அங்கே மரம் வடிவத்தைத் தருகிறது, கை ஏற்றுக்கொள்கிறது. ரதீந்திரநாத்தின் வேலையில் கோடு முதலில் முடிவாகிறது; அதற்குரிய மரம் பிறகு தேடப்படுகிறது.

1951இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தரான ரதீந்திரநாத், 1953இல் பதவியிலிருந்து விலகி டேராடூனுக்குக் குடிபெயர்ந்தார். நிறுவனச் சுமை நீங்கிய அந்த ஆண்டுகளில் மரவேலை, ஓவியம், தோட்டம் ஆகியவற்றோடு தம் நினைவுக் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் எழுதி 1958இல் வெளியிட்டார். தந்தையின் நூற்றாண்டு நாடெங்கும் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்த 1961ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று அவர் காலமானார்.

ஆனால் அவர் கையிலிருந்து பிறர் கைகளுக்கு மிக அதிகமாகப் பரவியது மரத்தைவிடத் தோல்வேலையே. ஐரோப்பியப் பயணங்களின்போது அவரும் பிரதிமா தேவியும் கற்றுவந்த புடைப்புத் தோல்வேலை ஸ்ரீநிகேதனில் பாடமானது. தாவரத் துவர்ப்பொருளால் பதப்படுத்திய ஆட்டுத்தோலை நனைத்து, கோட்டுருவத்தை அதன்மேல் படியெடுத்து, மழுங்கிய முனையுள்ள கருவியால் கோட்டின் ஓரத்தை அழுத்தினால், அழுத்திய இடம் தாழ்ந்து உருவம் புடைத்து நிற்கும். உலர்ந்த பிறகு அது அப்படியே நிலைத்துவிடும். குரோமிய உப்பால் பதப்படுத்திய தோலோ மீள்தன்மை மிகுந்தது. அழுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் கொலாஜென் இழைகளுக்கு இடையில் நிறைந்து பிணைவதால்தான் தாவரப் பதனத்தோல் கனமாகி, கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. புடைத்த உருவத்துக்கு வண்ணம் தீட்டி, சில வேலைகளில் பாடிக் துணியில் காணும் விரிசல் கோடுகளையும் வரவழைத்து, கடைசியில் மெருகேற்றுகின்றனர்.

சாந்திநிகேதனை ஒட்டிய போல்பூரைச் சுற்றிய கிராம வீடுகளிலும், விடுதலைப் போராட்டக் காலத்தில் உருவான ‘அமார் குடீர்’ நிறுவனத்திலும் இன்றும் இப்படிப் பைகளும் பணப்பைகளும் செய்யப்பட்டுக் கொல்கத்தாக் கடைகளுக்குச் செல்கின்றன. சாந்திநிகேதன் தோற்பொருட்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அவற்றுக்கு உகந்த தோல் வணிகர் வழக்கில் ஈ.ஐ. தோல் எனப்படும் கிழக்கிந்தியத் தோல். அது தமிழ்நாட்டின் சரக்கு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம் பட்டை நெடுங்காலம் முதன்மையான துவர்ப்பொருளாக இருந்தது. ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும் என்பதால், முடிவில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி அதைத் தடுத்தனர். பின்னர் வாட்டில் மரப்பட்டை ஆவாரையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கடுக்காய் மட்டும் பதனிடுவோரின் வழக்கிலிருந்து இன்னும் நீங்கவில்லை.