பொன்னறையும் தானியக் களஞ்சியமும்

பெரு நாட்டுக்குச் சென்று திரும்பியவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 'மாச்சு பிச்சு' என்பதே விடையாக வரும். மேகங்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கல் நகரம் அப்புகழுக்கு உரியதுதான். ஆனால், பல்லாண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, அண்மையில் மேற்கொண்ட பெரு பயணத்தில் மனதைவிட்டு நீங்காதது வேறோர் இடம். நுழைவுக் கட்டணமோ வரிசையோ இல்லாத ஒரு மலைச்சரிவில் கூரை இழந்து நிற்கும் பழைய தானியக் களஞ்சியங்கள்தாம் அவை.

நாங்கள் பதினான்கு பேர். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, கெச்சுவா மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, ஆண்டிஸ் மலைக் கிராமமொன்றில் பிறந்த பெண்மணி. தலைநகர் லிமாவில் அருங்காட்சியகங்கள், உருபம்பா பள்ளத்தாக்கில் இன்கா ஊர்கள், பிறகு மாச்சு பிச்சு, நிறைவாக குஸ்கோ நகரம் என்பது பயணத் திட்டம்.

லிமாவில் 1926-இல் நிறுவப்பட்ட லார்கோ அருங்காட்சியகத்தில் கூட்டம் அதிகம் இருந்தது பொன் அணிகலன்கள் வைக்கப்பட்ட அறையில்தான். மற்றோர் அறையில் கண்ணாடிக்குப் பின்னால், தடித்த ஒரு கயிற்றிலிருந்து பல மெல்லிய கயிறுகள் தொங்கின. அவற்றில் முடிச்சுகள். இதுவே 'கீப்பு' எனப்படும் இன்காக்களின் கணக்கேடு. எழுத்து வடிவம் இல்லாத அந்தப் பேரரசு, மக்கள்தொகையையும் விளைச்சலையும் களஞ்சிய இருப்பையும் முடிச்சுகளில் பதிந்து வைத்தது.

முடிச்சின் வகையும் கயிற்றில் அது அமைந்த உயரமும் எண்ணைக் காட்டும். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் எனத் தனித்தனி இடங்கள். முடிச்சு இல்லாத இடைவெளி சுழியம். நாம் பயன்படுத்தும் அதே பதின்ம முறை. இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேலண்ட் லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்து விளக்கினார். அணிகலன் அறையைவிட இந்தக் கயிறுகளின் முன்னே நான் அதிக நேரம் நின்றேன். ஓர் அரசை அறிந்துகொள்ள, அது எவற்றை எண்ணிக் கணக்கு வைத்தது என்று பார்ப்பது நல்ல வழி.

இன்காக்களிடம் நாணயம் இல்லை. இரும்பு இல்லை. வண்டிச் சக்கரம் இல்லை. சுமை தூக்க லாமா என்னும் சிறு விலங்கு மட்டுமே உண்டு. இருந்தும், பதினைந்தாம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்ற மன்னர் காலத்தில் விரிவடையத் தொடங்கிய அரசு, நூறாண்டுகளுக்குள் இன்றைய ஈக்வடார் முதல் சிலி வரை பரவியது. 30,000 கிலோமீட்டர் அளவிலான சாலைகள் அதை இணைத்தன. பணமே இல்லாத நாட்டில் அரசு எதை வரியாக வாங்கியிருக்கும்?

உழைப்பை வாங்கியது. குடும்பங்கள் முறை வைத்து ஆள் அனுப்ப வேண்டும். அரசு நிலத்தில் உழுதல், சாலை அமைத்தல், கோயில் கட்டுதல், படையில் சேர்தல் எனப் பணிகள் பல. இதற்கு 'மித்தா' என்று பெயர். 'முறை' என்பதே அச்சொல்லின் பொருள். பணிக்கு வந்தவர்களுக்கு உணவும் மக்காச்சோள மதுவும் தருவது அரசின் கடமை. உள்ளூர்ச் சமூகத்துக்குள் நிலவிய கைம்மாறு வழக்கத்தையே அரசு பேரளவில் எடுத்தாண்டது எனலாம். அவ்வழக்கம் இன்றும் அழியவில்லை. ஒருவர் வீட்டுக்குக் கூரை வேய ஊரே வரும். அவர் அடுத்தவர் வயலில் நடவுக்குச் செல்வார். 'ஐனி' என்று அதற்குப் பெயர் சொன்ன எங்கள் வழிகாட்டி, தம் தந்தை வீட்டின் கூரையும் அப்படி வேயப்பட்டதே என்றார்.

உருபம்பா பள்ளத்தாக்கில் ஒயான்டைடாம்போ என்ற ஊர் உள்ளது. இன்காக்கள் வகுத்த தெருக்களிலும் வாய்க்கால்களிலும் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். ஒருபுறம் மாபெரும் படிக்கட்டு வயல்களும் முடிவுறாத சூரியக் கோயிலும். பேருந்துகளில் வருவோர் அனைவரும் அங்கேதான் ஏறுகின்றனர். எதிர்ப்புறம் பின்குயூனா என்ற செங்குத்தான மலை. எங்கள் திட்டத்தில் அது இல்லை. "முழங்கால் ஒத்துழைத்தால் வாருங்கள்" என்று வழிகாட்டி அழைக்க, நான்கு பேர் மட்டும் அவருடன் ஏறினோம். பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் என்னால் ஏற முடிந்தது.

அங்கே நின்றன அந்தக் களஞ்சியங்கள். ஊருக்கு உள்ளே கட்டாமல் இவ்வளவு உயரத்தில் ஏன் கட்டினார்கள் என்பது ஏறி முடித்தவுடன் விளங்கியது. அங்கே காற்று இடைவிடாது வீசுகிறது, குளிர்ச்சி மிகுதி. சரிவில் அமைந்த கட்டடத்தின் மேல்புறச் சாளரம் வழியே தானியத்தைக் கொட்டி, கீழ்ப்புறச் சாளரம் வழியே எடுக்கலாம். மழைநீர் தேங்காது. மின்சாரம் இல்லாத காலத்துக் குளிர்பதனக் கிடங்கு என்று அதைச் சொல்லலாம்.

இவை ஓர் ஊருக்கு மட்டும் உரியவையல்ல. பெருவின் நடுப்பகுதியில் உள்ள உவானுகோ பம்பாவில் ஏறத்தாழ 500 களஞ்சியங்களின் எச்சங்கள் உள்ளன. இன்று பொலிவியாவில் உள்ள கோட்டாபாச்சியில் சுமார் 2,400 இருந்தன. படைக்கும் பணியாளர்களுக்கும் உணவளிப்பதே அவற்றின் முதல் நோக்கம். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் மக்களுக்கும் அவை திறக்கப்பட்டதாக ஸ்பானியக் குறிப்புகள் கூறுகின்றன.

அங்கு சேமிக்கப்பட்ட உணவின் சுவையை அன்று இரவே அறிந்தோம். உருளைக்கிழங்கின் பிறந்தகம் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கே அதில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. அவற்றைக் காப்பதற்கென்றே லிமாவில் 1971 முதல் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இயங்குகிறது. உயர்ந்த மலைப்பகுதிகளில் சிறு கிழங்குகளை இரவின் உறைபனியில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்துவர். சில நாள்களில் கல்லைப்போல இறுகிவிடும். 'சுன்யோ' எனப்படும் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. எங்கள் குழுவில் இருந்த ஐந்து சைவ உணவினருக்குச் சுன்யோ இட்ட சூப்பும் கினோவாவும் அவித்த மக்காச்சோளமும் கிடைத்தன. மற்றவர்கள் மண்ணில் குழி வெட்டி, சூடேற்றிய கற்களுக்கு இடையே வேகவைக்கும் 'பச்சமன்கா'வை உண்டனர். சுன்யோவுக்கு மண்வாசம் கலந்த, சற்றே புளித்த சுவை. எங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பஞ்ச காலத்தில் உயிர்காத்த உணவு என்று தெரிந்த பிறகு கிண்ணத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மாச்சு பிச்சு. 2,430 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் அழகைப் பலரும் எழுதிவிட்டனர். நான் கண்டு வியந்தது அதன் படிக்கட்டு வயல்களை. அடியில் பெருங்கற்கள், அதன்மேல் சரளையும் மணலும், மேலே வளமான மண் என்று அடுக்கி, பெய்யும் பெருமழை மலையைச் சரித்துவிடாமல் வடிய வழி செய்திருக்கிறார்கள். 1911-இல் ஹைரம் பிங்கம் இதைக் 'கண்டுபிடித்தார்' என்பது வழக்கமான பாடம். உள்ளூர் விவசாயி மெல்கோர் ஆர்தியாகாதான் அவருக்கு வழிகாட்டினார். அப்போதே அந்த வயல்களில் சில குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன.

பிங்கம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்ற பொருள்கள் நூறாண்டுகளுக்குப் பின் 2011-இல் திரும்பிவரத் தொடங்கின. குஸ்கோவில் காசா கோஞ்சா என்ற மாளிகையில் அவற்றைக் கண்டோம். பானைகள், வெண்கலக் கருவிகள் எனப் பெரும்பாலும் எளிய பொருள்கள். அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், மாச்சு பிச்சுவில் பணிபுரிந்தோர் பேரரசின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் என்கின்றனர். அவர்கள் விரும்பி வந்தவர்கள் என்று கொள்ள இயலாது.

ஆகவே, இன்கா ஆட்சியைப் பொற்காலம் என்று போற்றிவிடக் கூடாது. வென்ற மக்களை ஊரோடு பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். மலையுச்சிகளில் குழந்தைகளைப் பலியிட்டார்கள். அடக்கப்பட்ட இனங்களுள் பல, ஸ்பானியர் வந்தபோது அவர்கள் பக்கம் சேர்ந்தது இதனால்தான்.

1532-இல் கஹாமார்கா என்ற ஊரில் பிசாரோவின் சிறிய படை மன்னர் அதவால்பாவைச் சிறைப்பிடித்தது. ஓர் அறையை ஒருமுறை பொன்னாலும் இருமுறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக மன்னர் கூறினார், அவ்வாறே தந்தார். ஆனாலும் மறு ஆண்டு கொல்லப்பட்டார். இந்தப் பொன்னறைக் கதையை உலகம் அறியும். களஞ்சியங்களின் கதையை அறிந்தோர் சிலரே. ஸ்பானியருடன் சேர்ந்த உவாங்கா இனத் தலைவர்கள், தங்கள் களஞ்சியங்களிலிருந்து அவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்த மக்காச்சோளம், கிழங்கு, லாமா, துணி அனைத்தையும் கீப்புவில் முடிச்சிட்டு வைத்தார்கள். 1561-இல் லிமா நீதிமன்றத்தில் அந்த முடிச்சுகளைப் படித்துக் காட்டிக் கைம்மாறு கேட்டார்கள். கொடுத்தால் திரும்பி வரும் என்பது அவர்கள் அறிந்த பொருளியல். எதிரே அமர்ந்திருந்தவர்களின் பொருளியலில் அதற்கு இடமில்லை.

அதைவிடக் கொடியது பின்னர் வந்தது. ஸ்பானிய அரசு மித்தா என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டது. 1573 முதல், குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் தம் ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் உவான்கவேலிகா பாதரசச் சுரங்கத்துக்கும் அனுப்ப வேண்டும் என்றது. பாதரச நஞ்சிலும் சுரங்க இருளிலும் மாண்டவர் ஏராளம். 1812 வரை இது நீடித்தது.

மெலிசா டெல் என்ற பொருளியல் அறிஞர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதன் தொடர்ச்சியைக் காட்டுகிறது. மித்தா எல்லைக்குள் இருந்த பகுதிகளில் வாழும் குடும்பங்களின் நுகர்வு, எல்லையை ஒட்டி வெளியே இருந்த பகுதிகளைவிட இன்றும் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு. கல்வியிலும் சாலை வசதியிலும் அப்பகுதிகள் பின்தங்கியே உள்ளன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்த ஒரு வரி, இன்றைய குடும்பத்தின் சாப்பாட்டுத் தட்டில் தெரிகிறது.

இன்காக்களின் மித்தாவும் ஸ்பானியரின் மித்தாவும் பெயரால் ஒன்று. இரண்டுமே கட்டாய உழைப்பு. வேறுபாடு, அந்த உழைப்பின் பயன் எங்கே சென்றது என்பதில் உள்ளது. ஒன்றில் அதன் ஒரு பகுதியேனும் மலைச்சரிவின் களஞ்சியத்துக்குச் சென்றது. மற்றொன்றில் கப்பலேறிக் கடல் கடந்தது.

இதை நாம் தொலைவில் நின்று கேட்கும் கதையாகக் கருத வேண்டியதில்லை. பெரு கடலோர மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் வெப்பமடைவதைக் கண்டு, குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நினோ' என்ற பெயரை அதற்கு இட்டார்கள். அது வலுக்கும்போது பெருவின் வடகடற்கரையில் வெள்ளம் பெருகும். தென்மலைகளில் வறட்சி நிலவும். நம் நாட்டில் பருவமழை பொய்ப்பதும் உண்டு. 1876-78-இல் அப்படி மழை பொய்த்ததே நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருந்த பேரழிவின் தொடக்கம். சந்தை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தது அன்றைய ஆங்கிலேய அரசு. தானியம் வெளிநாடு சென்றுகொண்டிருக்க, சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டனர். மழையின்மை இயற்கையின் செயல். களஞ்சியம் இன்மை அரசின் செயல்.

சேமக் கிடங்குகளையும் நியாய விலைக் கடைகளையும் வீண் செலவு என்று கூறுவோர் இன்றும் உள்ளனர். தானியம் கெட்டுப்போகிறது, கசிகிறது என்ற குறைகள் உண்மையே. அவற்றைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால், நல்ல ஆண்டின் கணக்கை மட்டும் வைத்துக் களஞ்சியத்தின் மதிப்பை அளக்க முடியாது. அதன் பயன் தெரிவது மழை பொய்க்கும் ஆண்டில்.

பெரு செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். மாச்சு பிச்சுவை அவசியம் பாருங்கள். ஆனால், ஒயான்டைடாம்போவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்கி, எதிர்ப்புற மலையில் ஏறுங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். உள்ளூர்ச் சமையலை உண்ணுங்கள். அந்த மண்ணுக்கு நம் செலவில் ஒரு பங்காவது போய்ச் சேரட்டும். அதுவும் ஒரு வகை ஐனிதான்.

அதவால்பா நிரப்பிய பொன் உருக்கப்பட்டுக் கட்டிகளாகிப் போயிற்று. களஞ்சியங்களின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மக்களிடம் பெற்றதை எங்கே வைத்தீர்கள் என்று எந்த அரசையும் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்பதை அவை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).