சார்பும் துணைநிரலும்

கணினிச் செய்நிரல் எழுதப் பழகும் மாணவர் தொடக்கத்திலேயே இடறும் இடங்களுள் ஒன்று சார்புக்கும் துணைநிரலுக்கும் உள்ள வேற்றுமையாகும். இரண்டும் பெயரிட்டு வைத்த கட்டளைத் தொகுதிகளே; வேண்டும்போது அழைக்கப்படுவனவே. ஆயின் ஒன்று விடை தருவது. மற்றையது வினை முடிப்பது.

ஹற்றன், நுவரெலியாப் பகுதி மாணவர் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கொழுந்து நிறுக்குமிடமே போதும். ஒருவர் பறித்த கொழுந்து 21 கிலோ; சாக்கின் நிறைக்கும் ஈரத்துக்குமாக 2 கிலோ கழிக்கப்படுகிறது எனக் கொள்க. இவ்விரண்டு எண்களையும் பெற்று 19 என்னும் விடையைத் திருப்பித் தருவது சார்பு. கணிதபாடத்துச் சார்பும் இத்தன்மையதே. (அக்கழிவு நியாயமானதா என்பது வேறு வழக்கு, அதனை எச்சார்பும் தீர்த்து வைக்காது.) அந்த 19 கிலோவைச் செக்ரோலில் அவர் கணக்கிற் கூட்டிப் பதிவது துணைநிரல். அது விடையெதுவும் கூறுவதில்லை. ஆயினும் அது வந்து போனபின் ஏடு முன்போல் இராது.

சார்பைப் பத்து முறை வினவினும் விடை 19தான். துணைநிரலை இருமுறை அழைத்தாலோ ஏட்டில் 38 ஏறிவிடும். இரண்டையும் கலந்து, நிறையைக் கூறிக்கொண்டே ஏட்டிலும் கூட்டும் சார்பொன்றை ஒருவர் எழுதிவிட்டால், கணக்கப்பிள்ளை ஐயந்தீர மீண்டும் ஒருகால் நிறை கேட்ட மாத்திரத்திலேயே கணக்குப் பிழைத்துவிடும். கூடக் கொடுத்தது பின்னொரு மாதச் சம்பளத்திற் பிடிக்கப்படுமாயின், இடர்ப்படுபவர் செய்நிரல் எழுதியவர் அல்லர்.

இப்பகுப்பு நெடுநாளையது. 1949இற் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் முதலியோர் துணைநிரற் களஞ்சியம் ஒன்றை அமைத்தனர். 1958இல் வெளிவந்த இரண்டாம் ஃபோர்ட்ரான் துணைநிரலை ‘கோல்’ என்னும் கட்டளையால் அழைக்கவும், சார்பைக் கணிதக் கோவையினுள்ளேயே ஓரெண்போல வைத்தெழுதவும் விதி வகுத்தது. நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கலும் இரண்டையும் வேறுபிரித்தே வைத்தது.

பைத்தனில் இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. ஆதலின் வேற்றுமையைக் காக்கும் பொறுப்பு எழுதுபவர்மேல் விழுகிறது. புதியவர் பலர், சார்பினுள் 19ஐத் திரையில் அச்சிட்டுவிட்டு, விடை தந்தாயிற்று என எண்ணுவர். திரையிற் காட்டுவது வினை. அவர் சார்பு திருப்பித் தருவது ‘நன்’ என்னும் வெறுமை. அதனோடு மற்றொரு நிறையைக் கூட்ட முனைந்ததும் பைத்தன் பிழையுரைத்து நின்றுவிடும்.

பழகியோர் இக்குழப்பத்தைப் பெயரிடும்போதே தவிர்ப்பர்: சார்புக்குத் ‘தேறிய நிறை’ எனப் பெயர்ச்சொல்; துணைநிரலுக்கு ‘ஏட்டிற் பதி’ என ஏவல்வினை.