கைக்குள் அடங்கும் கலர் லைட்: கடையில் வைக்கலாமா?

கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் சாமான் விற்கும் நண்பர்கள் பலர் இப்போது ஒரு சிறிய பெட்டியைக் கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். கையடக்கத் தொலைபேசியை விடச் சற்றுத் தடிப்பு, உள்ளங்கைக்குள் அடங்கும். சக்கரத்தைத் திருகினால் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று கேட்ட நிறம் வரும். இரவில் படம் பிடிப்பவர்களுக்கான எல்.ஈ.டி. லைட் இது.

எனது சகோதரியின் மகன் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிப்பவர். சிறியதொரு கடையும் இருக்கிறது. "மாமா, ஐம்பது பீஸ் எடுத்துப் போடுவோம், ரெண்டு மாசத்துல ஓடிரும்" என்றார். அவரது கைமுதலில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். "முதல்ல ஒன்றை வாங்கி இரவுல பிடிச்சுப் பார்ப்போம் மகன்" என்றேன். பத்தாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக ஒன்று வாங்கினோம்.

முன்பு இந்த வேலையை பிளாஷின் முன்னால் கலர் செலோபேன் கடதாசியை ஒட்டிச் செய்தார்கள். கடதாசி வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும், படம் கழுவி வரும் வரை நிறம் எப்படி விழுந்தது என்றும் தெரியாது. இப்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எல்.ஈ.டி.களைக் கலந்து எந்த நிறத்தையும் எடுக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் 1960களிலேயே வந்துவிட்டன. பிரகாசமான நீலம் மட்டும் 1990கள் வரை கைக்கு வரவில்லை. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

பரீட்சைக்கு பேரை வாவிக் கரையைத் தெரிவு செய்தோம். 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம், சுமார் 350 மீற்றர் உயரம், பின்னால் நிற்கிறது. மருமகனின் உதவியாளர் முன்னால் நின்றார். லைட் இல்லாமல் பிடித்தால் கோபுரம் வடிவாக வருகிறது, ஆள் கறுப்பு நிழல். பிளாஷ் அடித்தால் ஆள் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி வெளிறிப் போகிறார். இந்தச் சிறிய லைட்டை ஒரு மீற்றர் தூரத்தில் பக்கவாட்டில் பிடித்ததும் இரண்டும் சேர்ந்து அழகாக விழுந்தன.

ஆனால் தூரம்தான் இதன் எதிரி. ஒரு மீற்றரில் கிடைக்கும் வெளிச்சம் இரண்டு மீற்றரில் நாலில் ஒன்று, மூன்று மீற்றரில் ஒன்பதில் ஒன்று. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பிடிக்கலாம். குடும்பமே வரிசையாக நின்றால் இதை நம்ப முடியாது. விற்கும்போது வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லாவிட்டால் மறுநாள் பெட்டியோடு திரும்பி வருவார்.

இன்னொன்றையும் கவனித்தோம். முகத்தில் நேராகக் கடும் சிவப்பை அடித்தால் மூக்கும் கன்னமும் ஒன்றாகி, தக்காளிப் பழம் போல் ஆகிவிடுகிறது. கெமராவின் சிவப்புப் பகுதி மட்டும் நிரம்பி வழிவதுதான் காரணம். நிறத்தைப் பின்பக்கத்திலிருந்தோ பக்கத்திலிருந்தோ கொடுத்து, முகத்துக்கு வெள்ளை வெளிச்சம் வைத்தால் சரி. என்னைக் கேட்டால் இந்தச் சாமானின் உண்மையான பெறுமதி அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. மஞ்சள் தெருவிளக்குக்குப் பக்கத்தில் 3000 கெல்வின் அளவுக்கு இறக்கினால், முகமும் சூழலும் ஒரே சாயலில் வருகின்றன. பொலிஸ் வாகன விளக்கு, மின்னல், மெழுகுவர்த்தி என்றெல்லாம் கொடுத்திருக்கும் விளையாட்டுகள் இரண்டு நாளைக்குத்தான்.

பெட்டியில் இரண்டு மணித்தியாலம் எரியும் என்று போட்டிருந்தது. முழு வெளிச்சத்தில் வெள்ளையை வைத்து நாங்கள் நேரம் பார்த்தோம்: ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். கல்யாண வீட்டில் நடுவில் அணைந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

கொள்வனவு செய்பவர்கள் கடையிலேயே இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு கைத்தொலைபேசிக் கெமராவை லைட்டின் பக்கம் திருப்புங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது துடிக்கின்ற லைட், வீடியோவுக்கு உதவாது. அடுத்தது ஒரு கடும் சிவப்புத் துணி. மட்டமான எல்.ஈ.டி.யின் வெள்ளையில் அது மண்ணிறமாகத் தெரியும்.

பேருவளை, சீனன்கோட்டைப் பக்கத்தில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. பகலில் பச்சையாகவும் மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் சிவப்பாகவும் மாறும் அலெக்சாண்ட்ரைட் கல்லின் மாற்றத்தை, வெள்ளையை ஏற்றி இறக்கி வாங்குபவருக்கு ஓரளவு காட்டலாம். ஆனால் வெளிறிய நீலக் கல்லுக்கு நீல வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது பச்சை ஏமாற்று. கல் பகல் வெளிச்சத்தில் திறக்கப்படும் அன்றே கொடுத்த பெயரும் போய்விடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐம்பது பீஸைப் பெட்டியோடு அடுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் லித்தியம் பெட்டரி சும்மா இருக்காது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் செத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாதியளவாவது ஏற்ற வேண்டும். ஐம்பதுக்கும் அதைச் செய்ய யாருக்கு நேரம்? 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது சரக்கு வைத்திருந்தவன் பிழைத்தான் என்பது உண்மைதான். அது அரிசிக்கும் பருப்புக்கும் பொருந்தும். வருடத்துக்கு ஒரு புது மொடல் வரும் சாமானுக்குப் பொருந்தாது.

பயணத்தில் கையோடு கொண்டு வருபவர்கள், தனிப் பெட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பொதியில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பொதியில் போட்டால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

கடைசியில் பத்து எடுத்தோம். ஆறு இந்த வகை, நாலு பெட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய சற்றுப் பெரிய வகை. ஒவ்வொன்றையும் வாடிக்கையாளர் முன்னால் எரித்துக் காட்டி, எத்தனை மீற்றருக்குப் போதும் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார் மருமகன். பெரிய வகை நாலையும் படப்பிடிப்பாளர்கள் முதல் மூன்று வாரத்தில் கொண்டு போய்விட்டார்கள். சிறியதில் நாலு போயிருக்கிறது, அதில் மூன்றை வாங்கியவர்கள் வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்கள். இரவில் ஐசிங் முடிந்ததும் படம் எடுத்து அனுப்ப அவர்களுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டியிருக்கிறது. நிறங்களைத் திருகிப் பார்க்கவே இல்லையாம்.