தண்ணீர்த் தொட்டியிற் பறந்த விமானம்

1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ‘கொமெற்’ என்னும் ஜெட் விமானம் இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. பயணிகளை ஏற்றிச் சென்ற முதலாவது ஜெட் விமான இனம் அதுவே. ஆயின், 1954 ஜனவரி 10இல் அவ்வின விமானமொன்று எல்பாத் தீவின் அருகே வானிற் சிதறிக் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்பிரில் 8இல் நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையில் மற்றொன்று வீழ்ந்து, 21 பேர் உயிரிழந்தனர். காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு, இங்கிலாந்தின் பார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தது.

விமானம் உயரே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அமுக்கம் குறையும். பயணிகள் சுவாசிக்கும்பொருட்டு உள்ளே அமுக்கம் கூட்டி வைக்கப்படும். கொமெற்றில் இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு சதுர அங்குலத்துக்கு எட்டேகால் இறாத்தல். சிறிதெனத் தோன்றினும், ஒரு சதுர அடிப் பரப்பில் அஃது அரைத் தொன்னுக்கு மேற்பட்ட விசையாகும். ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் ஒருமுறை விரிந்து சுருங்கும். கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிவதுபோல, இதனாலும் உலோகம் களைப்படையும்.

இதனைச் சோதிக்க உள்ளே காற்றைச் செலுத்தினால் ஆபத்து நேரும். அமுக்கப்பட்ட காற்றில் மிகுந்த சக்தி அடங்கியுள்ளது. உடல் பிளந்தால் அது குண்டுபோல வெடித்து, எவ்விடத்திற் பிளவு தொடங்கியதென்பதற்கான தடயத்தையும் அழித்துவிடும். தண்ணீரோ அமுக்கத்தாற் சுருங்குவது மிக அரிது. சிறு பிளவினூடாகச் சிறிதளவு நீர் கசிந்ததும் அமுக்கம் வீழ்ந்துவிடும். பிளவு இருந்தவாறே நிற்கும்.

ஆகவே பெருந்தொட்டியொன்று கட்டப்பட்டு, அதனுள் முழு விமான உடலொன்று வைக்கப்பட்டது. சிறகுகள் தொட்டிக்கு வெளியே நீண்டிருந்தன. உடலின் உள்ளும் புறமும் நீர் நிரப்பப்பட்டமையால், உள்நீரின் பாரத்தை வெளிநீர் தாங்கியது. பம்பி மேலுஞ் சிறிதளவு நீரை உட்செலுத்தியதும் அமுக்கம் வேண்டிய அளவுக்கு உயர்ந்தது. நீரை வெளிவிட்டதும் தணிந்தது. சிறகுகளை நீரியல் உயர்த்திகள் வளைத்தன. குழாய்வழி வரும் திரவம் அகன்ற முசலத்தின் பரப்பெங்கும் அழுத்துவதால், அவ்வுயர்த்திகள் பெருவிசையைத் தரவல்லன. இவ்வாறு, பல மணி நேரப் பறப்பொன்றின் தாக்கம் சில நிமிடங்களில் உண்டாக்கப்பட்டது.

1954 ஜூனில் அவ்வுடல் பிளந்தது. முன்னர் வானிற் பறந்தவற்றையும் சேர்த்து, அது ஏறத்தாழ 3,060 பறப்புகளுக்குச் சமமான உழைப்பைக் கண்டிருந்தது. பக்கத்துத் திறப்பொன்றின் மூலையிற் பிளவு தொடங்கியிருந்தது. எல்பாக் கடலிலிருந்து மீட்கப்பட்ட கூரைத் துண்டிலும், ஜன்னல் மூலையில் அதே களைப்பின் அடையாளம் காணப்பட்டது.

தயாரிப்பாளரும் முன்னரே சோதனை நடத்தியிருந்தனர். அவர்களுடைய மாதிரி 16,000 தடவைகளுக்கு மேல் தாங்கியது. ஆனால் அம்மாதிரி அதற்கு முன் இரட்டிப்பு அமுக்கத்துக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அப்போது மூலைகளில் உலோகம் சற்று நெகிழ்ந்து இடங்கொடுத்தமையால், பின்னர் வந்த சுமைகளை எளிதிற் தாங்கியது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு வாய்க்கவில்லை.

சோதனைப் பொறியின் மதிப்பு அது தரும் விசையின் பெருமையில் இல்லை. பொருள் தன் வாழ்நாளில் உண்மையாகவே படும் பாட்டை அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதிலேயே உள்ளது. 56 உயிர்களை இழந்த பின்னரே இவ்வுண்மை தெளிவாயிற்று.