கேம் ஓடுது, ஃபோல்டிங் மட்டும் ஏன் நிக்குது?

“கேம் மணிக்கணக்கா ஓடுது, ஃபோல்டிங் அட் ஹோம் மட்டும் பாதியில நிக்குதே?” நேயர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது.

கேமில் ஒரு பிக்சல் தப்பானா கண்ணுக்கே தெரியாது. அடுத்த ஃபிரேமில் மறைஞ்சிடும். இங்கே கிராபிக்ஸ் கார்டு புரதத்தின் அசைவைக் கணக்கிடுது. ஒவ்வொரு படியும் முந்தைய விடையை நம்பித்தான் நிக்குது. ஒரு எண் பிசகினா மொத்தமும் சிதறும். கடைசியா சேமிச்ச இடத்திலிருந்து மறுபடி ஓடும். திரும்பத் திரும்பப் பிசகினா அந்த வேலையே கைவிடப்படும். ஆய்வுக்குத்தான் தாமதம்.

முதல்ல ஓவர்கிளாக்கை முழுசா எடுங்க. கம்பெனியே கிளாக் ஏத்தி விக்கிற கார்டா? 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் குறைச்சுப் பாருங்க. மெமரி கிளாக்கையும் மறக்காதீங்க. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒரு நாள் ஓட்டம், பிறகு லாக்.

வேகமான தப்பு விடையால யாருக்கும் பயனில்லை.