இரப்பர்ப் பாலின் புரதமும் சவ்வின் மேற்பரப்பும்

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். அதன்பின் இம்மாநிலத் தோட்டங்களில் நம் முன்னோர் மரம் வெட்டி மங்கில் ஏந்திய பாலில் இரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி நீர்; புரதமும் சர்க்கரைப் பொருள்களும் அதில் கரைந்திருக்கும். ஆலையில் இப்பாலைச் சுழற்பொறியில் இடும்போது 60 விழுக்காடு இரப்பர் கொண்ட செறிவுப்பால் ஒருபுறமும், இரப்பர் மிகக் குறைந்த பால் மறுபுறமும் பிரியும். பின்னதில் அமிலம் சேர்த்து இரப்பரைத் திரட்டி எடுத்தபின் நிற்கும் கழிவுநீரில் புரதம் உண்டு. அது குட்டையில் அழுகும்போது எழும் நாற்றத்தைத் தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் கலந்தாலோ, நீரின் உயிர்வளி குன்றி மீன்கள் மடியும்.

இப்புரதத்தை நுண்துளைச் சவ்வினால் வடித்தெடுக்கலாம். துளை போதிய அளவு சிறிதாயின் வேலை முடிந்தது என்று தோன்றும். அது பாதி உண்மையே. பாலிஈதர்சல்போன் போன்ற பொருளால் ஆன சவ்வு வலிமையானது. ஆயினும் நீரோடு எளிதில் இணங்காதது. புரத மூலக்கூறிலும் நீரை விலக்கும் பகுதிகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை உள்ளே மடிந்திருக்கும். சவ்வைத் தொட்டதும் மடிப்பு அவிழ்ந்து அவை அதனைப் பற்றிக்கொள்ளும். அடுக்கடுக்காய்ப் படிந்து துளைகளை அடைக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் படிவு மேலும் இறுகுமே அன்றி நீரோட்டம் அதற்கேற்ப உயராது.

ஆகவே சவ்வின் முகத்தை மாற்றுகிறார்கள். சேம்பிலையில் நீர் உருண்டோடும். வாழைத்தண்டின் வெட்டுமுகத்திலோ படர்ந்து ஊறும். சவ்வையும் இரண்டாவதைப் போலாக்க வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற நீர்விரும்பிச் சங்கிலிகளை மேற்பரப்பில் பதித்தால், அவற்றைச் சூழ்ந்து ஒரு நீர்ப்படலம் நிலைபெறும். நெருங்கி வரும் புரதம் அப்படலத்தைக் கடந்து ஒட்டுவது அரிது.

மின்னூட்டமும் கைகொடுக்கும். அம்மோனியா இட்ட பால் காரத்தன்மையுடையது. அதில் பெரும்பாலான புரதங்கள் எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கும். எதிர்மின்னூட்டமுள்ள சவ்வு அவற்றைத் தள்ளிவிடும். ஆனால் அமிலம் சேர்த்த கழிவுநீரில் பல புரதங்களின் மின்னூட்டம் குறையும், அல்லது தலைகீழாகும். முன்னதற்கு உகந்த சவ்வே பின்னதில் விரைந்து அடைபடக்கூடும். மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்க: நீரின் காரமோ அமிலமோ அறியாமல் மேற்பூச்சைத் தேர்வது வீண்.

வெறுமனே பூசிய பூச்சு, காரநீரால் கழுவுந்தோறும் கரைந்து போகும். அதனால் பிளாஸ்மாவினால் மேற்பரப்பைத் தூண்டி, சங்கிலிகளை வேதிப்பிணைப்பால் நிறுத்துவர். அவை அளவுக்கு மிஞ்சி அடர்ந்தாலோ, புரதம் செய்த அடைப்பைப் பூச்சே செய்துவிடும்.